மாப்புக் கேட்டுவிட்டுப் பிழைத்தவள்

ஸுபைராவுக்கு அப்போது வயது நாற்பத்துமூன்று. பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த புஹாரியின் மனைவி. பிள்ளையில்லை. வயிறு மட்டும் எட்டு மாதமாக ஊதிக்கொண்டே வந்தது, இரத்தப்போக்கும் நின்றபாடில்லை. "இருபத்தஞ்சு வருஷம் சும்மா கிடந்துட்டு இப்பத்தான் இதுக்கு ரோசம் வந்திருக்கு" என்று தன் கர்ப்பப்பையைத் தானே திட்டுவாள். ஆஸ்பத்திரி டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே கட்டி, கர்ப்பப்பையோடு எடுக்காவிட்டால் வருஷம் தாண்டாது என்றார். எடுத்தால் பிழைப்பாளா என்று புஹாரி கேட்டதற்கு, அது ஆண்டவன் கையில் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

அன்றே ஸுபைரா முடிவுகட்டிவிட்டாள், மவுத்துதான் என்று. சாகப்போகிறவர் தெரிந்தவர்களிடமெல்லாம் மாப்புக் கேட்டுவிட்டுப் போகவேண்டும். மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதர் பொருந்திக்கொள்ளாமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் என்றால், "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதப் பொருந்திக்கங்க" என்று மொத்தமாகக் கேட்டுவிட்டு வருவார்கள். கேட்கப்படுகிறவரும் தோண்டித் துருவாமல் தலையாட்டிவிடுவார். அதுதான் முறை. ஸுபைராவுக்கு அந்தப் புத்தி எங்கே இருந்தது? குற்றத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னாள்.

பக்கத்து வீட்டுப் பலீலாவிடம் போனாள். "பலீலா, நீ பெருநாளுக்குப் பெருநாள் தார வட்டிலப்பத்த நான் ஒரு நாளும் தின்னல்ல. பூனைக்குத்தான் வச்சேன். பூனையும் யோசிச்சுத்தான் தின்னிச்சு. மாப்புக் குடு."

பலீலா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "அல்லாவே, சாகப்போற மனுசி! பொருந்திக்கிட்டேன், பொருந்திக்கிட்டேன்."

அடுத்தது புஹாரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய சிவப்புத் துருக்கித் தொப்பி காணாமல் போயிருந்தது. கடைசியாக வீட்டுக்கு வந்துபோன மொஹிதீன்தான் எடுத்திருப்பான் என்று முடிவு செய்து, அந்தப் பழைய கூட்டாளிக்கு அவர் அன்றிலிருந்து ஸலாம்கூடச் சொல்வதில்லை. "அந்தத் தொப்பி மேல நான் சுடுசட்டிய வச்சுட்டேன். கருகிப்போச்சு. குசினிக்குப் பின்னால புதைச்சுட்டேன்" என்றாள் ஸுபைரா. புஹாரி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி, நீ நிம்மதியாப் போ" என்றார். அந்தப் 'போ' அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஹாலிஎலைக்கு மட்டும் அவள் போகவில்லை. அங்கேதான் அவளுக்கு மூத்தவள், ராத்தா ஸைனப் இருந்தாள். ஊரெல்லாம் சுற்றி வட்டிலப்பத்துக்கும் தொப்பிக்கும் மாப்புக் கேட்ட வாய்க்கு, கூடப்பிறந்தவளிடம் போக மட்டும் தைரியம் வரவில்லை. தூ, என்ன வாய் அது!

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விளக்கெண்ணெய் குடிக்கவைத்தார்கள், வளையலைக் கழற்றினார்கள், தலைமுடியை இரண்டாகப் பின்னிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பின்னலோடு, சோறு தண்ணியில்லாமல் அவள் கிடந்த அந்தச் சாயங்காலம், ஸைனப் தானே வந்தாள். யாரோ ஹஜ்ஜுக்குப் போய்க் கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள்.

"உதட்டையாவது நனைச்சுக்க புள்ள. ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

இனியும் மறைக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ஸுபைரா சொல்லிவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஸைனபின் மகள் ஹாஜராவைப் பெண்பார்த்துவிட்டுப்போன பண்டாரவளைக்காரர்கள், பிள்ளை எப்படி என்று சாச்சியான ஸுபைராவிடம் விசாரித்தார்கள். "புள்ள தங்கம். காதுதான் கொஞ்சம் மந்தம்" என்று சாச்சி சொல்லியனுப்பினாள். ஹாஜராவின் காதுக்கு ஒரு குறையும் கிடையாது. அந்தச் சம்பந்தம் முறிந்தது. ஸைனப் வீட்டுக்கு மட்டும் எட்டாமல் பேச்சு பரவி, பிறகு வந்தவையும் வாசலோடு போயின. ஹாஜராவுக்கு இப்போது இருபத்தைந்து வயது.

"ஏன்டி?" என்றாள் ஸைனப்.

"ஒனக்கு நாலு புள்ள ராத்தா. எனக்கு ஒண்ணுமில்ல. ஒன் வீட்டுக் கல்யாணச் சோத்தையும் நான் வந்து தின்னணுமான்னு வயிறு எரிஞ்சிச்சு."

ஸைனப் குப்பியின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினாள். "பொருந்திக்கிட்டேன்" என்றாள். ஸலாம் சொல்லாமலே போய்விட்டாள்.

மறுநாள் காலை முகத்தில் துணிமூடியை வைத்து மருந்தைச் சொட்டினார்கள். கலிமாவைச் சொன்னபடியே ஸுபைரா மவுத்தானாள். அதாவது, அப்படித்தான் நினைத்தாள். கண் விழித்தபோது நாக்கு வறண்டு, வயிற்றில் நெருப்பு வைத்தாற்போல் இருந்தது. தலைமாட்டில் நர்ஸ் லீலா நின்றாள். கபுர்க்குழிக்குள் நர்ஸ் இருப்பதாக எவரும் ஓதிக்கொடுக்கவில்லை. அப்படியென்றால் பிழைத்துவிட்டோம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லவேண்டிய வாய், "ஐயோ, பலீலாட மொகத்துல எப்படி முழிப்பேன்!" என்றது.

கட்டி தேங்காயளவு இருந்ததாம். "இத்தன வருஷத்துல நான் சுமந்த ஒரே புள்ள. பாப்பா யார் மாதிரி இருந்திச்சு?" என்று ஸுபைரா கேட்டாள். தன் பேச்சுக்குத் தானே சிரித்து, தையல் இழுத்து, ஊளையிட்டாள்.

"சிரிக்காதீங்கம்மா, தையல் விட்டுடும்" என்று லீலா வயிற்றுக்கட்டை இறுக்கினாள். மூன்று வாரம் அந்தக் கட்டிலில் சிரிக்காமல் கிடந்ததுதான் அவள் வாழ்நாளில் பட்ட பெரிய தண்டனை.

வீட்டுக்கு வந்தாள். கர்ப்பப்பை எடுத்தவளை எப்படிக் கவனிப்பது என்று கடைத்தெருவில் எவருக்கும் தெரியாது. பிள்ளை பெற்றவளைக் கவனிக்கத் தெரியும். ஆகவே பலீலா நாற்பது நாள் கணக்கு வைத்து, சரக்கு அரைத்துக் கறியாக்கி, இலை அவித்த வெந்நீரில் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணி பிடித்தாள். வாழ்நாளில் ஒருமுறையாவது கிடைக்காதா என்று ஏங்கிய கவனிப்பு, பிள்ளையே இல்லாமல் கிடைத்தது. ஸுபைரா வெட்கமில்லாமல் அனுபவித்தாள். ஒரு ராத்திரி போர்வைக்குள் கொஞ்சம் அழுததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் பலீலா வட்டிலப்பம் கொண்டுவந்து, பூனையைத் துரத்திவிட்டு, கிண்ணம் காலியாகும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். புஹாரி மொஹிதீனோடு ராசியாகி, புதுத் தொப்பி வாங்கி, அதை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்தார்.

ஸைனப் வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஸுபைரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ராத்தா ஆளனுப்பிக்கூட விசாரிக்கவில்லை.

நாற்பதாம் நாள் குளித்துவிட்டு, குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மீறி, முந்தின வருஷம்தான் பதுளைக்கு ஓடத் தொடங்கியிருந்த ரயிலில் புஹாரியோடு ஹாலிஎலைக்குப் போனாள். அவரை ஸ்டேஷன் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருக்கச் சொல்லிவிட்டு, தனியாகப் போய்க் கதவைத் தட்டினாள். ஸைனப் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ராத்தா, நீதான் பொருந்திக்கிட்டேன்னு செல்லிட்டியே."

"நான் சாகப்போற மையித்துக்குத்தான் குடுத்தேன். நீ நடந்து வந்திருக்கியே" என்றாள் ஸைனப். "என்னட்ட ஏன் கேக்கிறாய்? அவகிட்டக் கேளு. நான் அவளுக்கு இன்னும் ஒண்ணும் செல்லல்ல."

குசினியில் ஹாஜரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த முறை ஸுபைராவுக்குச் சாவின் மறைப்பு இல்லை, கட்டில் இல்லை, அழுதுகொண்டு தலையாட்டுவார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. வேடிக்கையாகச் சொல்ல ஒரு வார்த்தை தேடினாள். ஊரே பேர் சொல்லும் அந்த வாயில் ஒன்றுகூட வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹாஜரா கேட்டு முடித்தாள். கை மீன் தண்ணீரிலேயே இருந்தது.

"அவங்க வராமப் போனதுலேருந்து, எங்கிட்ட என்ன குறைன்னு ஆறு வருஷமாக் கண்ணாடி பாத்துக்கிட்டிருக்கேன் சாச்சி" என்றாள். "மூக்கா, நிறமா, நடையா..."

ஸுபைரா ஓரடி கிட்டப் போனாள். "மாப்புக் குடு மகளே" என்றாள்.

"இப்ப வராது சாச்சி." ஹாஜரா கையைத் துடைத்தாள். "டாக்டர் என்ன சென்னாரு? இன்னும் எத்தன வருஷம் இருப்பீங்களாம்?"

"இருவது வருஷம்கூட இருக்கலாமாம்."

ஹாஜரா ஒரு பலகையை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"அப்ப அவசரமில்லத்தானே. வந்து வந்து கேளுங்க."

ஸுபைரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினாள். அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் ரயில் ஏறினாள்.