டயகமக் குளிரில் பொங்கிய பாண்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் பார்த்தேன். எழுதினால் எழுத்துப்பிழை வரும். எழுதாவிட்டால் அக்கா தன் இஷ்டத்துக்குக் கதை பரப்புவாள். பிழையே மேல்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கினிகத்தேனையில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு போத்தல் கித்துல் மரத்துக் கள்ளு. குடிக்க இல்லை, பாண் ரொட்டி சுட. டயகமவில் அக்கா புருஷன் ராயப்பன்தான் தோட்டத்துத் துரை பங்களாவின் புதுக் கோக்கி. சமையல் அவர் கையில். டவுன் பாண் வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடுகிறது, ஞாயிறு காலை வீட்டுப் பாண் வேண்டும் என்று துரைசானி சொல்லிவிட்டார். பாண் சரிவராவிட்டால் அத்தான் மறுபடி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போக வேண்டியதுதான். மாவைப் பொங்கவைக்கும் கள்ளு அந்தக் குளிர்மலையில் இறங்குவதில்லை.

அட்டனில் ரயில், தலவாக்கலையில் மறுபடி பஸ். சீட்டு அறுபது சதம். லிந்துலை தாண்டியதும் குலுங்கிய கள்ளு தக்கையைத் தூக்கி எறிந்தது. நுரை முழுக்கக் கண்டக்டர் சட்டையில்.

"என்னடா இது?"

"மாவுக்குங்க, அண்ணே."

"உங்க ஊரு மாவு காலையிலேயே குடிக்குமா?"

பஸ்ஸே சிரித்தது. மிச்சம் அரைப் போத்தல். வாயை விரலால் அடைத்தபடியே போய்ச் சேர்ந்தேன்.

பகல் ஒரு மணிக்கு அத்தான் மாவு பிசைந்தார். மூன்று மணி ஆகியும் மாவு அப்படியே கிடந்தது. வெளியே மழை, மூடுபனி. அத்தான் முகத்தில் கவ்வாத்துக் கத்தி தெரிந்தது.

"சூடு வேணும்டா," என்றார்.

இலை காயவைக்கும் அடுப்பு தேயிலை ஆலையான ஸ்டோரில் நாளெல்லாம் எரியுமே! மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் வாசலிலேயே மறித்தார்.

"வெளிய போடா! தூளு எல்லா வாசத்தையும் இழுத்துக்கும். கள்ளு நாத்தம் அடிக்கிற தேயிலைய எவன் வாங்குவான்?"

திரும்பி வந்து, ஈரச் சட்டையை மாற்றி, அத்தானின் கம்பளிக்குள் சட்டியோடு படுத்துக்கொண்டேன். வயிற்றோடு அணைத்தபடி இரண்டு மணி நேரம்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "மருத்துவச்சிய கூப்பிடட்டுமாடா?"

"சிரிக்க வைக்காத அக்கா, சட்டி ஆடுது."

"பேசாம இருங்களேன், ரெண்டு பேரும்," என்றார் அத்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தரைக்குச் சட்டியை மூடிய துணி மெல்ல மேலே எழும்பியது. அத்தான் திறந்து பார்த்து, என் தலையில் ஒரு குட்டு வைத்தார். விறகடுப்பில் இரண்டு பாண் வெந்தன. ஒன்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தது; நான் புரண்டு படுத்த பக்கம் என்றாள் அக்கா.

ஞாயிறு எட்டு மணிக்குத் துரைசானியே குசினிக்கு வந்தார். "நல்ல பாண், கோக்கி. ஒவ்வொரு ஞாயிறும் போடு."

அத்தான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் சிநேகிதன் செல்லையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சொன்னது ஒன்றுதான்:

"படுத்தே கெடந்து ஒருத்தர் வேலைய காப்பாத்துனவன் நீ ஒருத்தன்தான்டா."