பன்னிரண்டாம் அறையில் ஒரு நாள்

பாறை விளிம்பைத் தொற்றிக்கொண்டு கடலுக்கு மேலே நிற்கும் அந்த ஹோட்டலில் நுன்சியா முப்பத்தொரு வருடம் அறைகளைச் சுத்தம் செய்தாள். ஒரு நாள்கூட முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை. மீன் பெட்டிகளும் குப்பை மூட்டைகளும் போய்வரும் பின்படிக்கட்டுதான் வேலைக்காரர்களுக்கு. நூற்றெழுபது படி. அவளுடைய முட்டி இரண்டும் போனது அதில்தான். இரண்டு மகள்களைப் படிக்க வைத்து வடக்கே தொரீனோ நகரத்துக்கு அனுப்பியதும் அதில் ஏறி இறங்கித்தான்.

கோபக்காரி என்று ஊரில் பெயர். ஆனால் அந்தக் கோபத்தை வீட்டிலும் மீன்கடையிலும் காட்டினாளே தவிர, ஹோட்டலுக்குள் வாய் திறந்ததில்லை. குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற ஹோட்டல். ஒவ்வொரு மார்ச்சிலும் புதிதாகக் கூப்பிட்டால்தான் வேலை. வாயாடிகளைக் கூப்பிட மாட்டார்கள்.

போன அக்டோபரில் ஓய்வு பெற்றாள். கூட வேலை பார்த்த ஆறு பெண்களும் சேர்ந்து அவளுக்கு ஒரு பரிசு தந்தார்கள்: பன்னிரண்டாம் அறையில் ஒரு நாள் தங்கல். பால்கனிக் கதவைத் திறந்தால் நேரே கடல்.

“எனக்கு எதுக்குடி இந்தப் பவுசு?” என்றாள் நுன்சியா. ஆனால் அந்த வாரம் முழுக்க அதே நினைப்புதான்.

சனிக்கிழமை காலை தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு, பெரிய மகள் கல்யாணத்துக்கு எடுத்த பச்சை உடையில், பெட்டியோடு கிளம்பினாள். கால் தானாகப் பின்படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. தன்னையே திட்டிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள்.

வரவேற்பு மேசையில் மேனேஜர் நின்றிருந்தான். நாலு எழுத்து படித்தவனை எல்லாம் எங்கள் ஊரில் ‘டாக்டர்’ என்பார்கள். இவன் டாக்டர் வித்தாலியானோ. ஊசி போடத் தெரியாது, பேச்சால் குத்தத் தெரியும்.

“வாங்க நுன்சியாக்கா! ஒரு சின்ன மாத்தம். பன்னெண்டுல இருக்கிற ஜோடி இன்னும் ஒரு நாள் இருக்கணும்னாங்க. உங்களுக்கு நாலாம் நம்பர் போட்டிருக்கேன்.”

நாலாம் நம்பர் சாலையைப் பார்த்த அறை. ஜன்னலுக்குக் கீழே கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு பஸ்ஸும் ஹாரன் அடித்துத்தான் அங்கே திரும்பும்.

“எனக்குப் பன்னெண்டுன்னுதானே எழுதியிருந்துச்சு?”

“அட, கடல்தானேக்கா? முப்பது வருஷமா நீங்க பாக்காத கடலா? அவங்க பாவம், டென்மார்க்லேருந்து வந்திருக்காங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தான் வேறு.

அந்தச் சிரிப்பில்தான் நுன்சியாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“நான் எங்கய்யா கடலைப் பாத்தேன்? தொட்டியைப் பாத்தேன், கக்கூஸைப் பாத்தேன். ஒரு ரூமுக்கு இருபது நிமிஷம்னு கடிகாரத்தைப் பாத்தேன். நீ வந்த புதுசுல, ஜன்னல்கிட்ட ஒரு நிமிஷம் நின்னேன்னு என்னைத் திட்டினியே, மறந்துட்டியா?”

கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சலவை அறைக் கதவு திறந்தது. ஆறு பெண்களும் வந்து நின்றார்கள்.

“அக்காவுக்குப் பன்னெண்டு இல்லேன்னா இன்னிக்கு எவளும் ஒரு படுக்கை விரிக்க மாட்டோம், டாக்டர்,” என்றாள் அவர்களில் மூத்தவளான ரக்கேலா. “ரெண்டு மணிக்கு வர்ற கூட்டத்துக்கு நீங்களே விரிச்சுக்குங்க.”

“விரிப்புல மூலை மடிக்கத் தெரியுமாடி டாக்டருக்கு?” என்றாள் இன்னொருத்தி.

டாக்டரின் முகம் சுருங்கிப் போயிற்று. அரை மணி நேரத்தில் டென்மார்க் ஜோடி ஹாரன் சத்தத்துக்கு மேலே குடிபோனது.

மறுநாள் எட்டு மணிக்கு ரக்கேலா காபித் தட்டோடு பன்னிரண்டாம் அறைக்குள் வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நுன்சியா உடுத்தி முடித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தொட்டி துடைத்து மின்னியது. குப்பைக் கூடையில் புதுப் பை.

ரக்கேலா தட்டை மேசையில் டக்கென்று வைத்தாள். “என்னக்கா இது?”

“அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு. சும்மா எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது? உனக்கு ஒரு ரூம் மிச்சம்.”

“எனக்கு மிச்சமா? நேத்து நாங்க ஆறு பேரும் எதுக்கு அவன் முன்னாடி போய் நின்னோம்? மார்ச்சுல கூப்பிடுவானோ மாட்டானோ, தெரியாது. நீ விருந்தாளி இல்லேன்னு அவன் வாயால சொன்னான். நீ அதையே கையால செஞ்சு வெச்சிருக்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நாங்கதான் பைத்தியக்காரிங்க!”

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது நுன்சியாவுக்கு. முந்தின நாள் அந்த மேனேஜர் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது, தன் மேலேயே.

எழுந்து போய் விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். தலையணைகளைத் தரையில் வீசினாள். மடித்து வைத்த துண்டுகளை அள்ளிக் குளியலறைக்குள் எறிந்தாள். செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு, கட்டிலின் நடுவில் கையைக் காலை விரித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பதினோரு மணிக்கு வந்து சுத்தம் பண்ணு,” என்றாள். “விருந்தாளி தூங்கறாங்க. சத்தம் போடாம கதவைச் சாத்திட்டுப் போ.”