ஹந்தானை இறக்கத்தில் நான் நிற்கவில்லை

மாமா, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். நாற்பது வருடமாகச் சொல்கிறீர்கள். அந்தப் பொய்யை உங்கள் வாயில் வைத்தவன் நான்.

சபாரத்தினம் பிடிவாதத்தால் சாகவில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை! சொல்லப் போனவன் நான். சைக்கிள் ஓட்டிய சுகத்தில் அவர் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லி அல்ல.

எண்பத்து மூன்றாம் ஆண்டு. எனக்கு இருபத்து மூன்று வயது. கண்டியில் இரும்புக்கடை வைத்திருந்த தாய்மாமாவைப் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து கப்பலேறி வந்திருந்தேன். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, கொழும்பு எரிகிறது, தமிழர்களைத் தேடி அடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் காலை கண்டிக் கடைத்தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாமா கடைக்கதவைப் பாதி மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஹந்தானை மலைக்குப் போ. மேல தோட்டத்துல டிரைவர் மாணிக்கம், நடு வழியில நம்ம சிநேகிதரு சபாரத்தினம். இன்னைக்கு டவுனுக்கு எறங்கவே கூடாதுன்னு ரெண்டு பேருகிட்டயும் சொல்லு. சபாரத்தினம் ரெண்டு மணி வேலைக்கு வந்துருவாரு, விட்டுறாத.”

“நான் மட்டுமா மாமா?”

“ஒங்கிட்ட இந்தியப் பாஸ்போர்ட் இருக்குல்ல. ஒன்னத் தொட மாட்டானுங்க. ஏறும்போதே சொல்லிடு.”

ஏறும்போதே! மலைக்குச் சாமான் கொண்டுபோகிற கண்டிக்காரர்கள் ஏறும்போதே வீடு வீடாகக் கொடுத்துவிடுவார்கள். இறக்கத்தில் எவனும் நிறுத்த மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். நான் கரிசல் காட்டுக்காரன். எங்கள் ஊரில் போகிற ரோடும் வருகிற ரோடும் ஒரே மாதிரிதான். சபாரத்தினத்தின் வீடு சாலையிலிருந்து ஐம்பது படி மேலே. சைக்கிளைத் தள்ளி ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கியது. திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று மேலே போய்விட்டேன்.

மாணிக்கத்திடம் சொன்னேன். தேத்தண்ணி கொடுத்தார். “பிரேக்க விட்டுறாதீங்க தம்பி. நேரா பெரியாஸ்பத்திரி வாசல்லதான் போய் நிப்பீங்க” என்று சிரித்தார்.

ஏறி உட்கார்ந்தேன்...

அப்படி ஓர் இறக்கத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. மிதிக்கவே வேண்டாம்! ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் வெறும் பனிமூட்டம். முதல் வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். இரண்டாவதில் பாதி பிடித்தேன். பிறகு பிடிக்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. வளைவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. அதற்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழ இடம். அதற்குள் நுழைந்து வெளியே வந்தேன். கத்தினேன். பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். கீழே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, நான் கத்திக்கொண்டிருந்தேன்!

மேலே முற்றத்தில் சபாரத்தினம் நின்றார். முகத்தில் சவர்க்கார நுரை. வேலைக்குப் புறப்படத்தான் சவரம் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு கையைத் தூக்கினார்.

“என்ன தம்பி, பறக்கிறீர்!”

நானும் கையைத் தூக்கினேன். மணியடித்தேன். சிரித்தேன்.

நிற்கவில்லை.

பிரேக் வேலை செய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்த முடியாமல் போகவில்லை. நிறுத்த மனம் வரவில்லை.

அடிவாரத்தில்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். மறுபடி ஏறினால் அரை மணி நேரம் தள்ள வேண்டும். ரேடியோவில் கேட்டிருப்பார், அவர் என்ன குழந்தையா என்று நினைத்தேன். அரை மணி நேரம்... ஒரு மனிதனுக்காக என்னால் தள்ள முடியாதா?

“சொன்னியா?” என்று மாமா கேட்டார்.

“சொல்லிட்டேன் மாமா.”

மத்தியானம் கடைத்தெருவில் தீ வைத்தார்கள். எங்கள் கடையும் எரிந்தது. வேலைக்கு வந்துகொண்டிருந்த சபாரத்தினத்தை வீதியில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். சாயங்காலம் உயிர் போயிற்று.

கொன்றவர்கள் வேறு. அதைச் சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. சொல்லியிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பாரா? தெரியாது. தெரியாமல் போனதற்கும் நான்தான் காரணம்.

அவர் மனைவி மகேஸ்வரி அக்கா அன்று விடியற்காலையிலேயே பேராதனைக்கு வேலைக்குப் போயிருந்தார். வீட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அகதி முகாமில் மாமா அவரிடம், “நாங்க ஆள் அனுப்பிச் சொன்னோம்மா, அவருதான் கேக்கல” என்றார். அக்கா அழக்கூட இல்லை. “சொல்லியும் கேளாமல் போன மனிசன்... என்னை நினைச்சுப் பாக்கேல்லையே” என்றார்.

அன்றைக்கே மாமாவைத் தனியாக அழைத்துப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என் சட்டையைப் பிடித்தார்.

“வாய மூடு. நம்மளால செத்தாருன்னு ஆயிரும்டா.”

மூடினேன். ஊருக்குக் கப்பலேறினேன். எத்தனை வருடம்!

போன வருடம் கண்டிக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. “பொய் சொல்லாதையும் தம்பி. என்ர மனம் ஆறட்டும் எண்டு சொல்லுறீர். உம்மட மாமா அப்பிடிப் பொய் சொல்லுற ஆளில்லை” என்றார். நாற்பது வருடமாகத் தன் கணவரோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். செத்தவரோடு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு அருவருப்பு. கண்ணை மூடினால் அந்த இறக்கம் இன்னும் இனிக்கிறது... அதைப்போல ஒரு சுகம் என் உடம்பு பிறகு கண்டதில்லை. இப்படிப்பட்டவனுக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

மாமா, ஒவ்வொரு ஜூலையும் நினைவுக்கூட்டத்தில் மைக் பிடித்து, “சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் சபாரத்தினம் இன்று இருந்திருப்பார்” என்று பேசுகிறீர்கள். அக்கா முன்வரிசையில் தலைகுனிந்து கேட்கிறார். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். நீங்கள் சொன்னால் நம்புவார்.

இந்த ஜூலையில் அதே மைக்கில், அவர் முகத்தைப் பார்த்து, “அவருக்கு யாரும் சொல்லவில்லை” என்று சொல்லுங்கள். என் பெயரையும் சொல்லுங்கள். நான் கூட்டத்தில் நிற்பேன். சொல்வீர்களா, மாட்டீர்களா? எல்லாருக்கும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.