பாலாடையில் வார்த்த ஞானஸ்நானம்

பினாயிலும் காய்ச்சிய பாலும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ரூபாவதி சிஸ்டர் நினைவுக்கு வந்துவிடுவார். காஞ்சிபுரத்தில் நான் பிறந்த பிரசவ வார்டில் அவர் நர்ஸ். பிறந்தவுடன் மூச்சுக்குத் திணறிய என்னைப் பார்த்து, ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியாரை அழைத்துவர நேரமில்லை என்று அம்மா கதற, சிசுவுக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான "பாலாடை"யில் தண்ணீர் எடுத்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் என் தலையில் வார்த்தவர் அவர்தான். நான் பிழைத்துக்கொண்டேன். நாங்கள் கத்தோலிக்கர், சிஸ்டரோ பிராட்டஸ்டண்டு என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது, முதன்முதலாக நற்கருணை வாங்கும் "புதுநன்மை"க்கு நான் ஞானோபதேசம் படித்த வருஷத்தில். ஐயம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துக் கோயிலுக்கு வந்துபோவோம். பிராட்டஸ்டண்டுகளைப் "பதிதர்", அதாவது வழிதவறிப் போனவர்கள், என்று சொல்லும் பெரியவர்கள் அன்று மிச்சமிருந்தார்கள். எங்களுக்குப் பாடம் சொன்ன உபதேசியார் அவர்களில் ஒருவர். "பதிதர் கைத் தண்ணி வெறுந்தண்ணிம்மா. திரும்ப ஊத்தினாதான் பொண்ணுக்குப் புதுநன்மை" என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். தைத்து வைத்த வெள்ளைக் கவுனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அம்மா அழுதது வேறு காரணத்துக்கு: திரும்ப ஊற்றினால் சிஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது? வாலாஜாபாத் அரிசி மில்லிலிருந்து வந்த அப்பா, "புள்ள உசிரோட நின்னுக்கினு இருக்குது, வெறுந்தண்ணியாம்" என்று முணுமுணுத்தார்.

பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் அதிகம் விசாரிக்கவில்லை. தண்ணீர்தானே, மூன்று பெயரையும் சொன்னார்களா என்று மட்டும் கேட்டார். "அப்ப ஆயிடுச்சும்மா. ஊத்தினது யாரு கையா இருந்தா என்ன, குடுத்தது ஆண்டவரு. திரும்ப ஊத்தினாதான் தப்பு. அவங்களும் நம்ம சகோதரங்கதான்." அம்மா அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், புதுநன்மைக்கு வரச் சொல்லி சிஸ்டரை அழைத்தாள்.

அன்று நான் நன்மை வாங்கிக்கொண்டு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட அப்பத்தோடு திரும்பியபோது, பெஞ்சிலிருந்த எல்லோரும் எழுந்து வரிசைக்குப் போக, சிஸ்டர் மட்டும் வழிவிட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வர்ல?"

"இங்க எனக்கு இல்லம்மா. நீ கண்ண மூடி ஜெபம் பண்ணு."

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. பூசை முடிந்ததும் வாசலில் சாமியாரை மறித்து, "எனக்கு ஊத்தின கை செல்லுது, அவங்களுக்கு நன்மை மட்டும் கிடையாதா சாமி?" என்று கேட்டேன். "ஒரே குடும்பம்தான்மா. இன்னும் ஒரே பந்திக்கு வர்ல" என்றார்.

சாமியார் முன்னால் வாயே திறக்காத அம்மா சொன்னாள்: "தனிப் பந்தி எங்களுக்குப் புதுசா சாமி?"

கல்யாண வீடுகளில் எங்கள் ஜனங்களுக்குக் கடைசியில், தனியாக இலை போட்ட கதையெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த அந்தத் தலைக்காக அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்மேல் கோபமும் இன்னும் இருக்கிறது.

இப்போது அந்தப் பழைய வார்டு இல்லை, உபதேசியார் இல்லை, "பதிதர்" என்றால் என் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு கோயில்காரர்களும் சேர்ந்தே ஜெபம் நடத்துகிறார்கள். போன மாதம், தடி ஊன்றி நடக்கும் சிஸ்டரை அவருடைய சர்ச்சுக்கு அழைத்துப் போனேன். ஞானஸ்நானம் பெற்ற யாரும் திருவிருந்துக்கு வரலாம் என்றார் "ஐயர்" என்று அவர்கள் அழைக்கும் போதகர். அங்கே நன்மை வாங்கக் கூடாது என்பது எங்கள் திருச்சபையின் சட்டம். நான் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டேன்.

வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த சிஸ்டர், "அன்னிக்கு நானு, இன்னிக்கு நீ. சரியாப் போச்சும்மா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தலையில் தண்ணீர் வார்த்த கையைப் பிடித்துக்கொண்டு, ஆராதனை முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.