உள்பக்கம் எறியாதவன்

எம்மெட் ஸ்கேன்லன் ட்ராய் நகரத்தில் இரும்பு அடுப்பு வார்க்கும் ஆலையில் அச்சுக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தவன். சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியது இரண்டே கோடை. அவன் எறியும் பந்தை மட்டைக்காரனுக்குப் பின்னால் குனிந்து நின்று பிடித்தவன் நான். கையுறை பேருக்குத்தான். என் இரண்டு விரல்கள் இன்றும் கோணல்.

தோளுக்கு மேலே கையைத் தூக்கி எறியலாம் என்று விதி மாறிய வருஷம் அவன் வந்தான். அவனுக்காகவே மாற்றினார்கள் போலிருந்தது. ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

மறு வருஷம் ஜூலையில், எதிரணி மட்டைக்காரன் லைல் கெஸ்லர் ரொம்பவும் முன்னால் சாய்ந்து நின்றான். எம்மெட்டின் பந்து அவன் இடது கண்ணைத் தாக்கியது. கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். எம்மெட் ஓடிப்போய் அவன் தலையை மடியில் ஏந்திக்கொண்டான். கண் போய்விட்டது.

"இனிமே எவனும் உன் முன்னாடி நெருங்கி நிக்க மாட்டான். நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்கோ," என்றார் எங்கள் மேலாளர் ப்ரூயிட்.

அதற்குப் பிறகு எம்மெட்டின் பந்து மட்டைக்காரனின் உடம்புப் பக்கமே வரவில்லை. உள்பக்கம் எறியச் சொல்லி நான் சைகை காட்டுவேன். தலையாட்டுவான், பந்து வெளியேதான் போகும். எதிரணிகள் சீக்கிரமே கண்டுகொண்டன. "இவன் முன்னாடி கட்டில் போட்டுப் படுத்துக்கலாம்டா," என்று ஒருவன் நக்கலடித்தான். கோடை முடிவதற்குள் ப்ரூயிட் அவனை அணியிலிருந்து அனுப்பிவிட்டார். எம்மெட் ஆலைக்கே திரும்பினான்.

அந்த இலையுதிர் காலத்தில் அவனும் நானும் யூட்டிக்காவுக்கு ரயிலேறி கெஸ்லர் வீட்டுக்குப் போனோம். கெஸ்லருக்குக் கூரை வேய்கிற தொழில். ஒற்றைக் கண்ணோடு ஏணி ஏற முடியவில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"நீ வேணும்னு எறியலன்னு தெரியும். ஆனா உன்னைப் பாத்தா வயிறு எரியுது. போயிடு."

"சரி. அடுத்த வருஷம் வரேன்," என்றான் எம்மெட்.

சொன்னபடியே போனான். கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் போனபோது கெஸ்லர் வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். சுத்தியல் விரலில் விழுந்துகொண்டே இருந்தது. எம்மெட் எதுவும் கேட்காமல் ஆணியைப் பிடித்துக்கொண்டான். இருட்டுகிற நேரத்தில் கெஸ்லரின் மனைவி பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் வைத்து இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். பிறகு ஆண்டுதோறும் அந்த வீட்டில் அவனுக்கு ஏதாவது வேலை இருந்தது. கெஸ்லர் கீழே நின்று சொல்லச் சொல்ல, எம்மெட் கூரை முழுவதையும் மாற்றினான்.

ஆலைத் தூசி எம்மெட்டின் நுரையீரலைத் தின்றது. முப்பத்துமூன்று வயதில் செத்துப்போனான். அடக்கத்துக்குக் கெஸ்லர் மனைவியோடு வந்திருந்தான். எம்மெட்டை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன்.

"அவன் கேக்கவே இல்லையே," என்றான். "கூரை ஒழுகுதான்னுதான் கேப்பான்."

இருவரையும் ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன்.