வாழை மரமில்லை என்று சொன்னவன் பட்ட பாடு

செடிகளுக்குப் பெயர் சொல்லும் வேலையைப் போல வம்பில்லாத வேலை உலகத்தில் கிடையாது என்று நம்பித்தான் அதில் சேர்ந்தேன். செடி பேசாது, அதைப் பார்க்க வருகிறவர்கள் பேசுவார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு தாவரத் தோட்டத்தில் உத்தியோகம். செடிகளை இனம் பிரிப்பது, பெயர்ப்பலகை எழுதுவது, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது. பள்ளிக்கூடத்தில் இலையின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்து, பாகங்களை மாற்றிக் குறித்து, மார்க்கைப் பறிகொடுத்தவர்களே, உங்களிடம் சொன்னால்தான் என் கஷ்டம் புரியும்.

பெண் பார்த்த படலம்

கொட்டச்சேட்டில் எஸ்டேட் ரைட்டர் ஒருவரின் மகளைப் பெண் பார்க்கப் போனோம். காப்பி வந்தது, முறுக்கு வந்தது, பிறகு அந்தக் கேள்வியும் வந்தது. "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?" நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். காலையில் காட்டுக்குள் போவேன், இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்று பார்ப்பேன், நரம்பு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பேன், கசக்கி மோந்து பார்ப்பேன், சமயத்தில் நுனியைக் கடித்தும் பார்ப்பேன், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன் என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவள்தான் பிறகு என் மனைவியானாள் என்றாலும், அன்று என் மாமனார் தன் தம்பியின் பக்கம் சாய்ந்து சொன்னது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது: "நம்ம ஊட்டு ஆடும் தெனம் இதத்தானே செய்யுது, அதுக்கா பொண்ணு குடுத்தோம்?"

யார் அந்த எல்?

தாவரவியல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். கடைசியில், பெயர் வைத்த அறிஞரின் பெயரைச் சுருக்கிப் போடுவது வழக்கம். இந்த முறையை நிலைநாட்டிய சுவீடன்காரருக்கு 'எல்' என்று ஒரே எழுத்துதான். மா, கொய்யா, மிளகு, காப்பி என்று ஏகப்பட்டதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார் மனிதர். எங்கள் தோட்டத்தில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் எல்.

சேலத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், நான் விளக்க வாயெடுத்தபோதெல்லாம் கையமர்த்திவிட்டு, ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே போனார். வாசல் கேட் பக்கம் வந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாமரமும் அவருது, மொளகும் அவருது, காப்பியும் அவருது. ஏனுங்க, இந்த எல்லுங்கிறவரு நில உச்சவரம்புச் சட்டத்துல எப்படிங்க தப்பிச்சாரு?"

செல்லுமா, செல்லாதா?

அடிவாரத்திலிருந்து ஒருவர், அந்த மாதம்தான் மகளுக்குக் கல்யாணம் முடித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் மலை சுற்றிக் காட்டக் கூட்டி வந்திருந்தார். வாழையின் முன்னால் நின்று நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். "வாழை மரமே இல்லைங்க. புல்லு, நெல்லு மாதிரி ஒருவித்திலைத் தாவரம். வெளியே தண்டு மாதிரி தெரியறதெல்லாம் இலையோட அடிப்பகுதி ஒண்ணுமேல ஒண்ணு சுத்திக்கிட்டு நிக்கறது. நிஜமான தண்டு மண்ணுக்குள்ள கிழங்கா இருக்குது."

பெரியவர் முகம் வெளிறிவிட்டது. அவர் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் நல்ல சேதி கேட்கப்போகிறவர் போல ஓரடி முன்னால் வந்தார். பெரியவர் கேட்டார்: "பந்தல் வாசல்ல ரெண்டு பக்கமும் வாழ மரங் கட்டித்தானுங்க தாலி கட்டுனாங்க. அது மரமே இல்லீனா, கல்யாணம் செல்லுமுங்களா?"

விருந்தோம்பல்

எங்கள் கண்ணாடி வீட்டில் ஒரே ஒரு குடுவைச் செடி இருந்தது. அதன் இலையின் நுனி நீண்டு, மூடி போட்ட சொம்பு மாதிரி தொங்கும். உள்ளே வழுக்கி விழுகிற ஈ, எறும்பை அப்படியே கரைத்துக் குடித்துவிடும். மேகாலயத்திலிருந்து அதைத் தருவித்துக் கொடுத்த எங்கள் மேலதிகாரி, "இது செத்தால் நீ அந்தமானுக்கு மாற்றல்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். அவர் சோதனைக்கு வரவிருந்த வாரத்தில், கண்ணாடி வீட்டுக்குள் ஒரு கெட்ட நாற்றம். இருந்த இரண்டு குடுவைகளும் கறுத்து அழுகிக் கிடந்தன. பிளந்து பார்த்தால் உள்ளே எண்ணெய் மினுமினுக்க ஏதோ பலகாரம்.

அழுகியதை வெட்டி எறிந்தேன். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். மனைவியிடம் அந்தமானில் அரிசி கிடைக்குமா என்று கேட்டேன். அதிகாரி வந்தார், மொட்டையாக நின்ற செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்லவேளையாக ஓர் இலையின் நுனி மட்டும், புதுக் குடுவை விடப்போவது போல, மொச்சைக்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. அதை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி, வந்துவிடும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

சில வாரம் கழித்து ஓர் அம்மாள், கையில் பொட்டலத்தோடு நேராகக் கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தார். செடியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், ஈயத் தின்னுட்டுக் கெடக்குதேன்னு போன தடவ ஆளுக்கொரு போண்டா வெச்சுட்டுப் போனனுங்க. இப்ப நொம்ப எளைச்சுப் போச்சே, நீங்க சோறே போடறதில்லீங்களா?"

அலங்காரம்

இலையின் அடிப்பக்கம் செடி மூச்சுவிடும் துளைகள் இருக்கும். அங்கே நெயில் பாலிஷைத் தடவிக் காயவைத்து, உரித்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் துளைகளின் அச்சு அழகாகத் தெரியும். நிறமில்லாத பாலிஷ் எங்கள் கடைவீதியில் கிடைக்கவில்லை, ரோஸ் கலரில்தான் கிடைத்தது. மாணவர்கள் வரும் நாளில் வரிசையாகச் செம்பருத்திக்கெல்லாம் தடவிவிட்டு, கண்ணாடித் துண்டு எடுக்க உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்து மாணவர்களோடு வந்த பேராசிரியர் நான் எங்கே என்று கேட்க, எங்கள் வாட்ச்மேன் அந்தோணி பணிவாகச் சொல்லியிருக்கிறார்: "செடிக்கெல்லாம் நெயில் பாலிஷ் போட்டு முடிச்சுட்டாருங்க, பவுடர் எடுக்க உள்ள போயிருக்காருங்க."

பத்தே இலை

முருங்கையில் நாம் இலை என்று உருவுவதெல்லாம் சிற்றிலைதான், காம்பின் அடி முதல் நுனி வரை கிளை கிளையாகப் பிரிந்திருக்கிற மொத்தமும் சேர்ந்துதான் ஓர் இலை என்று கல்யாணமான புதிதில் மனைவிக்கு விளக்கினேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து வந்த கீரையை, நான் உட்கார்ந்திருந்த பாய் மறையும்படி கொட்டினாள். இவ்வளவையும் யார் உருவுவது என்று அலறினேன். அவள் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஏனுங்க, மொத்தமே பத்து எலைதானுங்க, சட்டுனு ஆஞ்சு குடுங்க."

இப்போதெல்லாம் யாராவது ஓர் இலையை நீட்டி இது என்னவென்று கேட்டால், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பச்சைச் செடிங்க" என்று மட்டும் சொல்லி நடையைக் கட்டிவிடுகிறேன்.