எண்பத்தெட்டு எப்படி நூற்றி இருபது ஆனது

1. ஹால் டிக்கெட்டிலிருந்து போலந்துக்கு

பூந்தமல்லி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் எக்ஸாம் செல்லில் இருபது வருடம் ஹால் டிக்கெட் கொடுத்தவள் நான். ஒரு திங்கட்கிழமை டீன் கூப்பிட்டு, “சுகந்தி மேடம், இன்னிலேர்ந்து வெளிநாட்டுப் பிரிவு உங்க பொறுப்பு” என்றார். பிரிவு என்றால் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அட்டெண்டர் டில்லி. அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல் மெயிலே இடி. எங்கள் மெக்கானிக்கல் மாணவி யமுனா ஒரு செமஸ்டர் போலந்தில் படிக்க இடம் வாங்கியிருந்தாள். அங்கிருந்து எழுதியிருந்தார்கள்: ‘நாலு செமஸ்டர் முடித்தவருக்கு நூற்றி இருபது கிரெடிட் இருக்க வேண்டும். உங்கள் மாணவிக்கு எண்பத்தெட்டுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரியான சான்று வராவிட்டால் இடம் ரத்து.’

மத்தியானமே யமுனா அப்பாவோடு வந்துவிட்டாள். அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

“எம்பொண்ணு ஒரு பேப்பர்லகூட அரியர் வெச்சதில்ல மேடம். அப்புறம் எப்படி முப்பத்திரெண்டு குறையும்?”

“தெரியலைங்க. கேட்டுச் சொல்றேன்” என்றேன். யமுனா பக்கத்தில் துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

2. ஒரு போன்

மெயிலுக்குப் பதில் மெயில் போட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் வெள்ளிக்கிழமையே வந்துவிடும் என்று நேரே போன் போட்டேன். எடுத்தவர் மார்த்தா என்ற அதிகாரி. என் ஆங்கிலம் எனக்கே பயம். ஆனால் அவர் ஆங்கிலமும் என்னுடையதைப் போலவே தடுமாறியதும் தைரியம் வந்துவிட்டது.

“உங்க ஊர்ல ஒரு கிரெடிட்னா என்ன?” என்று கேட்டார்.

“வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாஸ்.”

“வீட்ல படிக்கிறது? ரெக்கார்ட் எழுதுறது? பரீட்சைக்குத் தயார் பண்றது?”

“அதை யார் எண்ணுவாங்க?”

“நாங்க எண்ணுவோம்!”

அங்கே மாணவர் உழைக்கும் மொத்த நேரம்தான் கணக்கு. அவர்கள் பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு மணி நேர உழைப்பு ஒரு கிரெடிட். நாங்கள் வாத்தியார் பேசும் நேரத்தை எண்ணினோம், அவர்கள் பிள்ளை உழைக்கும் நேரத்தை எண்ணினார்கள். யமுனாவிடம் எதுவும் குறையவில்லை. அளக்கும் படிதான் வேறு.

“பேப்பர் வாரியா உழைப்பு நேரம் போட்டு, டீன் கையெழுத்தோட அனுப்புங்க. பார்க்கிறேன்” என்றார் மார்த்தா. போனை வைத்ததும் நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். டில்லி பயந்துவிட்டார்.

3. நூற்றி எழுபத்தெட்டு மணி நேர வாரம்

முதலில் வாத்தியார்களிடம் கேட்டதுதான் தப்பு. “என் பேப்பர் லேசுப்பட்டதா? வாரம் இருபது மணி நேரமாவது படிக்கணும்” என்றார் ஒருவர். அதைக் கேட்ட அடுத்தவர் இருபத்திரண்டு எழுதினார். ஒரு செமஸ்டரின் ஒன்பது பேப்பரையும் கூட்டினால் வாரத்துக்கு நூற்றி எழுபத்தெட்டு மணி நேரம் வந்தது.

டில்லி எட்டிப் பார்த்தார். “வாரத்துக்கே நூத்தி அறுபத்தெட்டு மணி நேரம்தானே மேடம் கீது? பசங்க தூங்குறதில்லையா? பல்லு வெளக்க வாணாம்?”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அந்தத் தாள்களை ஓரம் கட்டிவிட்டு, யமுனாவின் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தேன். ‘பெயர் எழுத வேண்டாம். உண்மையை எழுதவும்.’ பிள்ளைகள் எழுதித் தள்ளிவிட்டார்கள். டிராயிங் ஷீட் போட்ட நேரம், லேப் ரெக்கார்ட் எழுதிய நேரம், கணக்கோடு மல்லுக்கு நின்ற நேரம், ஸ்டடி ஹாலிடேஸ் எல்லாம் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் சராசரி எடுத்து, கிளாஸ் நேரத்தோடு கூட்டினேன். நாலு செமஸ்டருக்கும் சேர்த்து மூவாயிரத்து நூற்று இருபத்தைந்து மணி நேரம். இருபத்தாறால் வகுத்தேன். நூற்றி இருபதைத் தாண்டி நின்றது. கால்குலேட்டரை நம்பாமல் கையாலும் போட்டுப் பார்த்தேன்.

4. அரை மணி நேரம்

வெள்ளிக்கிழமை காலை டீனிடம் கொண்டுபோனேன். பேனாவைத் திறந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். அவர் நடத்தும் புரொஃபஷனல் எதிக்ஸ் பேப்பருக்குப் கிளாஸுக்கு வெளியே படிப்பதாகப் பிள்ளைகள் போட்டிருந்தது வாரம் அரை மணி நேரம். ‘அதுவும் பஸ்ஸில்’ என்று பலர் எழுதியிருந்ததை நான் குறிப்பில் சேர்த்திருந்தேன்.

“இதை மட்டும் மூணு மணி நேரம்னு மாத்திடுங்க மேடம்.”

“முடியாது சார். ஒரு எண்ணைக் கூட்டிட்டா மத்ததை எந்த முகத்தோட அனுப்புறது?”

“யாருக்குத் தெரியப் போவுது?”

“சார், இது எதிக்ஸ் பேப்பர்.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாசலில் யமுனா நின்றுகொண்டிருந்தாள். டீன் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அப்புறம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். “அரை மணி நேரத்துல பாஸ் பண்ணிடுறானுங்கன்னா, தப்பு என் கேள்வித்தாள்லதான்” என்றார்.

ஸ்கேன் செய்து அனுப்பினோம். மூன்றரை மணிக்கு மார்த்தாவே கூப்பிட்டார். “எல்லாரும் எங்களுக்கு அழகான எண்களா அனுப்புவாங்க. பஸ்ல அரை மணி நேரம்னு எழுதினது நீங்கதான். அதனால மத்த எண்களையும் நம்புறேன். யமுனாவை வரச் சொல்லுங்க.”

யமுனா போட்ட கூச்சலில் எக்ஸாம் செல்லே எழுந்து வந்துவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். நான் ஒன்றும் இளைத்த உடம்புக்காரி இல்லை. பிறகு அப்பாவுக்குப் போன் போட்டாள். தொழிற்சாலைச் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை. “குறையலப்பா! எதுவும் குறையல!” என்று நாலு தடவை கத்தினாள். அன்று வீடு திரும்பும் மேனாம்பேடு பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

இந்த நாற்காலிக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேறு நாட்டு மார்க் ஷீட்டில் எண் குறைவாகத் தெரிந்தால் உடனே ‘வருந்துகிறோம்’ என்று அடித்துவிடாதீர்கள். எதை எண்ணியிருக்கிறார்கள் என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள். நம் பக்கத்து எண்ணைச் சொல்லும்போது, நமக்கு வெட்கமாக இருக்கிற வரியையும் சேர்த்தே அனுப்புங்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் எதிராளி மற்றதை நம்புகிறார்.